வினாடி வினாவும் நம் சங்கமும்

(குன்றத்தூரில் கூடிய நம் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரி மாணவர்க்கென ஆண்டுதோறும் இவ்வூரில் ஒரு வினாடி வினாப் போட்டி நடத்தவேண்டும் என்னும் தீர்மானம் இன்று அவையின் முன் நிற்கின்றது. அதனை மறுப்பார் இங்கு ஒருவரும் இலர். ஆயின், சங்கத்தின் பொருளைச் செலவிடுங்கால் நம் சமூகத்துப் பிள்ளைகட்கே இடமளித்தல் முறை என்று நம்முட் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து நம் பிள்ளைகள்பால் உள்ள அன்பினின்றும் எழுந்தது. ஆதலின் அதனை இகழோம். எனினும், அப்பிள்ளைகளின் நன்மைக்காகவே போட்டி யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதை நிறுவ விரும்புகின்றோம்.

இவ்வூர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமானை ஈன்ற ஊர். அவரைப்பற்றிய செவிவழி வரலாறு ஒன்றை நம்மிற் பலர் அறிவர். சோழ மன்னன், உலகினும் பெரியது யாது, கடலினும் பெரியது யாது, மலையினும் பெரியது யாது என மூன்று வினாக்கள் விடுத்தான். முதியோர் மயங்கி நின்றனர். இளைஞராயிருந்த அருண்மொழித்தேவர் மூன்று திருக்குறள்களைக் கொண்டே விடை பகர்ந்தார். காலமறிந்து செய்த உதவி உலகினும் பெரிது. பயன் கருதாது செய்த உதவி கடலினும் பெரிது. நிலை தவறாது அடங்கியவன் உயர்வு மலையினும் பெரிது. மன்னன் விடை கூறியவரின் வயதை நோக்கினானல்லன், விடையையே நோக்கினான். வினாப் போட்டியின் அறம் முழுதும் இதனுள் அடங்கும்.

இனி, இப்போட்டி பிற இடங்களில் வளர்ந்த வகையைக் காண்போம். அமெரிக்காவில் 1953இல் கல்லூரிக் குழுக்கள் வானொலியில் மோதத் தொடங்கின. 1962இல் இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களுக்கிடையே தொலைக்காட்சிப் போட்டி தோன்றிற்று. நம் நாட்டில் 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் ஒரு தேவாலயக் கூடத்தில் வினாடி வினாவை முறைப்பட நடத்தினார். 1983இல் பெங்களூரில் கர்நாடக வினாடி வினாச் சங்கம் எழுந்தது. சென்னையிலோ, லேண்ட்மார்க் என்னும் புத்தகக் கடையார் பல்லாண்டுகள் ஆகஸ்டு 15ஆம் நாளில் பெரும்போட்டி நடத்தி வந்தனர். கண் மருத்துவரான நவீன் ஜெயகுமார் வினாத் தொடுக்க, மூவர் மூவராகப் பலநூறு குழுக்கள் அமர்ந்தன. பள்ளிச் சிறுவனும் முதியவரும் ஒரே தாளுக்கு விடையெழுதினர்.

இதன் நடைமுறையே பலரை வேண்டுவது. முதற்கண் எழுத்துச் சுற்று; வந்தோர் அனைவரும் அதில் எழுதுவர். மிக்க மதிப்பெண் பெற்ற சில குழுக்கள் மேடையேறும். மேடையார் அறியாத வினா அவையோர்க்குச் செல்லும். ஆகவே தோற்றவனும் இறுதிவரை பங்கு கொள்கின்றான். போட்டியை நம்மவர்க்கென்றே ஒடுக்கின், ஐந்தாறு குழுக்களே சேரும். முதலாண்டில் வென்றவரே மறுவாண்டிலும் வெல்வர். மற்றையோர் மனந்தளர்ந்து வாரார். மூன்றாம் ஆண்டில் போட்டியே மாயும். தம்மினும் வல்லாரோடு மோதாத பிள்ளை பரிசு பெறலாம்; அறிவு பெறுதல் அரிது.

சேக்கிழார் நம் குலத்தவர் என்று பெருமை பேசுகின்றோம். அவர் பாடிய அடியார்கள் யாவர்? கண்ணப்பர் வேடர், திருநீலகண்டர் குயவர், அதிபத்தர் பரதவர், காஞ்சித் திருக்குறிப்புத் தொண்டர் வண்ணார், திருநாளைப்போவார் புலையர். அனைவரையும் ஒரே நூலில் ஒரே வணக்கத்தோடு வைத்தவரின் பெயரால் நடக்கும் போட்டிக்கு வாயிலில் குலம் வினவுதல் தகுமா?

நம் வட்டாரத்தின் நிலையையும் எண்ணுங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்த் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை எழுந்தது. பல மாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் வேலை தேடி வந்து இங்குக் குடியேறினர். அவர்தம் மக்களுள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தோர் உளர். சென்னை நகரத்துப் போட்டிகளில் வழங்கும் ஆங்கிலத்தைக் கேட்டே அவர்கள் பின்வாங்குவர். அவ்வாறு பின்வாங்குவோருள் நம் பிள்ளைகளும் உளர். ஆதலின் வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைதல் வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. பெண் மக்கள் பொழுதோடு வீடு சேரும்படி மாலைக்குள் முடித்தல் வேண்டும். துணையின்றித் தனியே வந்தவனை அன்றே ஒரு குழுவிற் சேர்த்தல் வேண்டும்.

வினா அமைக்கும் முறையும் ஒரு வரவேற்பே. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில், அரிய குறிப்பில் தொடங்கி எளிய குறிப்பில் முடியும் வினாக்களை வழங்குவர். சோணாட்டுக் கோயில் ஒன்றின் பெயரால் தம் ஊரில் கோயில் எடுத்தவர், உத்தம சோழப் பல்லவர் என்னும் பட்டம் பெற்றவர், தில்லையில் இறைவனே முதற்சொல் எடுத்துக் கொடுத்தான் எனப் போற்றப்படுபவர், பெரியபுராணம் பாடியவர் யார் என்பது போல. ஆழக் கற்றவன் முதற்குறிப்பிலேயே விடை கூறுவான். புதியவனும் இறுதிக்குள் ஒன்றை அறிந்துகொள்வான்.

நன்னூலார் வகுத்த அறுவகை வினாக்களுள், அறிந்தவன் பிறன் அறிவை அளக்கக் கேட்பது அறிவினா. அறியாதவன் அறிதற்குக் கேட்பது அறியாவினா. மேடையில் முன்னது ஒலிக்கட்டும். அவையில் பின்னதற்கு நகைப்பு எழாதிருக்கட்டும். ஒருமுறை நகைக்கப்பட்டவன் மறுமுறை வாரான்.

எனவே, 'நம் சமூக மாணவர்க்கு' என்னும் சொற்களை நீக்கி, 'இவ்வட்டாரத்து எல்லாக் கல்லூரி மாணவர்க்கும்' எனத் தீர்மானத்தைத் திருத்துமாறு வேண்டுகின்றோம். செலவு நம்முடையதாகுக, அவை யாவர்க்கும் உரியதாகுக. பயன் கருதாது செய்யும் உதவி கடலினும் பெரிது என்ற விடை இம்மண்ணின் மைந்தர் தந்தது. அதனை மெய்ப்பித்தல் நம் கடன்.