ராகிங் பண்ணா யார்கிட்ட சொல்லணும்னு தெரியும். சாதி சொல்லிக் காட்டினா யார்கிட்ட சொல்றது?

(ஆம்பூரில் நடந்த கல்லூரி மாணவர் சந்திப்பில் நம் ஐ.டி. விங் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, காலேஜ் சேரப் போற தம்பி தங்கச்சிகளுக்கு அனுப்புங்க.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல. போஸ்டர் டிசைன் பண்ணுவேன், வீடியோ எடிட் பண்ணுவேன், அவ்வளவுதான். அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வர்றேன்.

இங்க உட்கார்ந்திருக்கிற பல பேர் வீட்ல அம்மாவோ அக்காவோ விடியக்காலையில ஷூ கம்பெனி பஸ் ஏறுறவங்க. அப்பா டேனரியில வேலை பார்க்கிறவர். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு எங்க போனாலும் இதுதான் நம்ம கதை. அந்தக் கூலியிலதான் நாம படிச்சோம். நம்ம குடும்பத்துல முதல்முதலா காலேஜ் வாசலை மிதிச்சது நாமதான்.

நான் இன்ஜினியரிங் சேர்ந்த முதல் மாசம். எந்தக் காலேஜ்னு சொல்லப் போறதில்ல, அது இங்க முக்கியமும் இல்ல. வகுப்புக்கு வந்த ஒரு ஆசிரியர், "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க"ன்னார். ஃபார்ம் கொடுக்கத்தான் கூப்பிட்டார். அவருக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. எழுந்து நின்ன எங்க ஆறு பேருக்கு அது நாலு வருஷம். அடுத்த வாரம் லேப் குரூப் பிரிக்கும்போது நாங்க ஆறு பேரும் தானா ஒரே குரூப் ஆயிட்டோம். யாரும் பிரிக்கல. யாரும் எங்ககூட சேரல, அவ்வளவுதான். என் பக்கத்துல உட்கார்ந்தவனோட அப்பா டேனரி தொழிலாளி. அவன் வந்தாலே மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பானுங்க. மூணாவது செமஸ்டரோட அவன் நின்னுட்டான். இன்னிக்கு அவனும் ஒரு டேனரியிலதான் இருக்கான். நல்லா கணக்குப் போடுவான் தோழர்களே. என்னைவிட நல்லா போடுவான்.

இதை யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல. ராகிங் பண்ணா யார்கிட்ட சொல்லணும்னு மட்டும் நல்லாத் தெரியும். ஏன்னா அந்த போர்டு வாசல்லயே இருந்துச்சு, போன் நம்பரோட.

அந்த போர்டு எப்படி வந்துச்சு? 1996-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கால கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே கொதிச்சது. 1997-ல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. அப்புறம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 2009-ல யு.ஜி.சி. நாடு முழுக்க விதி போட்டது. இன்னிக்கு அட்மிஷன் போடும்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கணும். ராகிங் முழுசா ஒழிஞ்சிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா சீனியருக்குப் பயம் வந்துச்சு, ஜூனியருக்குப் போக ஒரு இடம் கிடைச்சுச்சு.

அதே மாதிரி சாதி, மதப் பாகுபாட்டுக்கும் விதி இருக்கு. யு.ஜி.சி.யோட 2012 சமத்துவ விதிமுறைகள். ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்துலயும் சம வாய்ப்புக் குழு இருக்கணும். பாகுபாடு தடுப்பு அலுவலரா ஒரு மூத்த ஆசிரியரை நியமிக்கணும். புகார் வந்தா 60 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். வகுப்புல மாணவரோட சாதியை, மதத்தைச் சொல்லி அறிவிக்கக் கூடாது. ஒருத்தரை இட ஒதுக்கீட்டு மாணவர்னு முத்திரை குத்தக் கூடாது. மார்க் குறைஞ்சா சாதியைக் காரணம் காட்டிப் பேசக் கூடாது. விடுதியில, மெஸ்ல தனியா ஒதுக்கக் கூடாது. இதெல்லாம் அதுல எழுதியே இருக்கு.

அதாவது, எங்களை எழுந்து நிக்கச் சொன்னதே விதிக்கு எதிரானது. படிச்சு முடிச்சு ஐ.டி. விங்குக்கு வந்த பிறகுதான் அது எனக்கே தெரிஞ்சுது. எங்க காலேஜ் வெப்சைட்டைத் தேடிப் பார்த்தேன். கமிட்டி இருந்துச்சு. உறுப்பினர் பட்டியல்ல, எங்களை எழுந்து நிக்கச் சொன்ன அதே ஆசிரியர் பேரும் இருந்துச்சு.

சிரிக்காதீங்க. அவர் கெட்டவர்னு நான் சொல்ல வரல. அப்படி ஒரு குழுவுல தான் இருக்கிறது அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. பிரச்சினையே அதுதான். குழு காகிதத்துல இருக்கு, கட்டடத்துல இல்ல.

இதுக்கு நாம கொடுத்த விலை கொஞ்சமா? 2016 ஜனவரியில ஐதராபாத் பல்கலைக்கழகத்துல ரோஹித் வெமுலா. 2017 மார்ச்ல டெல்லி ஜே.என்.யு.வுல படிச்ச நம்ம சேலத்து முத்துகிருஷ்ணன். 2019 மே மாசம் மும்பையில டாக்டர் பாயல் தத்வி. ரோஹித்தோட அம்மாவும் பாயலோட அம்மாவும் சேர்ந்து 2019-ல உச்ச நீதிமன்றம் போனாங்க. அவங்க கேட்டது பெரிசா ஒண்ணுமில்ல. இருக்கிற விதியை நடைமுறைப்படுத்துங்கன்னுதான் கேட்டாங்க. அந்த வழக்குக்கு அப்புறம் 2026 ஜனவரியில யு.ஜி.சி. புது விதி கொண்டு வந்துச்சு. அதே மாசம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வெச்சு, 2012 விதிகளே தொடரும்னு சொல்லிடுச்சு. புது விதி பத்தி டிவியில ஆளுக்கு ஒண்ணு பேசட்டும். நாம பழைய விதியைக் கையில எடுப்போம்.

நம்ம ஊர்ல இதைச் சொல்ல ஒரு தனிக் காரணம் இருக்கு. தோல்ல வந்த காசு கல்லூரி ஆன மண் இது. மேல்விஷாரத்துல 1965-ல தொடங்கின அப்துல் ஹக்கீம் கல்லூரி யார் பேர்ல இருக்கு? தோல் வணிகம் செஞ்சு வள்ளலா வாழ்ந்த ஒருத்தர் பேர்ல. தோல் வித்தவர் பேர் கல்லூரி வாசல்ல பெருமையா நிக்குது. அந்தத் தோலைக் கழுவினவர் பிள்ளை எந்தக் கல்லூரிக்குள்ளயும் தலை குனிஞ்சு நடக்கக் கூடாது. நான் கேட்கிறது இவ்வளவுதான்.

இப்போ என்ன செய்யலாம்? நாலு வேலை சொல்றேன்.

1. உங்க காலேஜ்ல சம வாய்ப்புக் குழு இருக்கான்னு கேளுங்க. யார் யார் உறுப்பினர், பாகுபாடு தடுப்பு அலுவலர் யார்னு எழுத்துல கேளுங்க. அரசு கல்லூரின்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபாய் கட்டணம்.

2. ராகிங் போர்டு பக்கத்துலயே இந்தக் குழுவோட பேரும் நம்பரும் வைக்கச் சொல்லுங்க. முதல் வாரமே முதலாம் ஆண்டு வகுப்புக்கு அவங்க வந்து முகம் காட்டணும். குழுவுல மாணவிகள், விடுதி மாணவர்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இருக்கணும்.

3. ஸ்காலர்ஷிப் வேலையை வகுப்புல கூவாம ஆபீஸ்லயோ, போன் மெசேஜ்லயோ முடிக்கச் சொல்லுங்க. ஒரு பைசா செலவில்ல.

4. புகார் கொடுத்தா தேதி போட்டு நகல் வாங்குங்க. 60 நாளை எண்ணுங்க.

இனி நமக்கு நாமே சொல்லிக்க வேண்டியது. இது கொஞ்சம் கசக்கும்.

கேட்கப் போகும்போது கட்சிக் கொடியோட போகாதீங்க. மாணவரா போங்க. கொடியைப் பார்த்தா நிர்வாகம் "இது அரசியல்"னு சொல்லிக் கதவைச் சாத்திடும். பாதிக்கப்பட்ட பையனுக்குத்தான் நஷ்டம்.

ஒரு தங்கச்சி நம்மகிட்ட வந்து அழுதா, அவ பேரையோ போட்டோவையோ பதிவு போடாதீங்க. ஹேஷ்டேக் ரெண்டு நாள்ல போயிடும், அவ அங்க மூணு வருஷம் படிக்கணும். முதல்ல புகார், அவ சம்மதிச்சா மட்டும் பதிவு. யாராவது மனசு ரொம்ப உடைஞ்சு பேசினா தனியா விடாதீங்க, 104-க்கு அடிங்க, கூடவே இருங்க.

கடைசியா, நாங்குநேரிக்கு அப்புறம் நீதியரசர் சந்துரு குழு 2024-ல அறிக்கை கொடுத்துச்சு. பள்ளிப் பிள்ளைங்க கையில சாதிக் கயிறு வேண்டாம்னு சொல்லிச்சு. நம்ம பசங்க சில பேர் கையில இன்னும் கயிறு இருக்கு. சில பேர் வாட்ஸ்அப் குரூப்போட பேரே சாதிப் பேரா இருக்கு. வட இந்தியாவுலேர்ந்து இங்க படிக்க வர்ற பையனை, ஹிஜாப் போட்ட பொண்ணை நாமளே கிண்டல் பண்ணிட்டு, பிரின்சிபால்கிட்ட சமத்துவம் கேட்க முடியாது. முதல் குழு நம்ம குரூப்புக்குள்ள ஆரம்பிக்கட்டும்.

என் பெஞ்ச் நண்பனைத் திரும்பக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போக என்னால முடியல. கேட்டுப் பார்த்தேன், "அதெல்லாம் முடிஞ்சு போச்சு மச்சான், விடு"ன்னான். அவன் தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ. அவ சேரப் போற காலேஜ் வாசல்ல அந்த ரெண்டாவது போர்டு இருக்கணும்.

அதுக்காகத்தான் வந்தேன்.

உங்க கல்லூரியில குழு இருக்கா, இல்லையா? கமெண்ட்ல "இருக்கு", "இல்ல"ன்னு மட்டும் போடுங்க. யார் பேரும் வேண்டாம்.

#ரெண்டாவதுபோர்டு #சமவாய்ப்பு