பூ நம்முடையது, விலை யாருடையது?

(மல்லிகை விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



விடிகாலை மூணு மணிக்கு டார்ச் லைட்டோடு மல்லித் தோட்டத்தில் இறங்குகிறவர்கள் நாம். மார்கழி, தையில் பனியால் பூ குறைகிறது. விலை எகிறுகிறது, நம்மிடம் பூ இருக்காது. சித்திரை, வைகாசியில் பூ கொட்டுகிறது. சந்தையில் கேட்க ஆள் இல்லை. மிஞ்சியதைச் சென்ட் பேக்டரிக்காரர் எடுக்கிறார். அவர் சொன்னதுதான் விலை.

அந்தப் பூ எங்கே போகிறது? காலையில் பறித்த மொட்டு சாயங்காலம் விரிகிறது. அதை ஹெக்சேன் என்ற கரைப்பானில் போட்டு, மெழுகு மாதிரி ஒரு சரக்கை எடுக்கிறார்கள். அதற்குப் பேர் ‘கான்கிரீட்’. நாம் வீடு கட்டுகிற கான்கிரீட் இல்லை! ஆயிரம் கிலோ குண்டுமல்லிக்கு இரண்டு கிலோகூடத் தேறாது. அதிலிருந்து ஆல்கஹால் வைத்து மெழுகைப் பிரித்தால் ‘அப்சல்யூட்’. அது வெளிநாட்டு வாசனைக் கம்பெனிகளுக்குப் போகிறது. அவர்கள் கலந்து தரும் சென்ட்டில்தான் பெரிய அழகுசாதனக் கம்பெனி தன் பேரை ஒட்டி விற்கிறது.

ஆக விவசாயி, ஏஜெண்ட், பேக்டரி, வாசனைக் கம்பெனி, பெரிய கம்பெனி என்று ஐந்து படி. சரக்குக்கு இவ்வளவுதான் செலவு என்று மேல்படிக்காரர் முடிவு செய்கிறார். அந்த நெருக்கடி ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் பூப்பறிக்கிறவர் தலையில் விடிகிறது.

எகிப்தைப் பாருங்கள். சென்ட்டுக்குப் போகிற உலக மல்லிகையில் ஏறக்குறைய பாதி அங்கேதான் விளைகிறது. லோரியல், எஸ்டீ லாடர் கம்பெனிகளின் சென்ட்டுக்கு மல்லிகை போகிற தோட்டங்களில், குழந்தைகள் ராத்திரியில் பூப்பறிப்பதை 2024ல் பிபிசி படம் பிடித்துக் காட்டியது. மனித உரிமையை மதிக்கிறோம் என்று கம்பெனிகள் பதில் சொன்னார்கள். தணிக்கையும் இருந்தது. ஆனாலும் குழந்தை தோட்டத்தில் நின்றது.

நாமும் யோக்கியர் மாதிரிப் பேச வேண்டாம். என் மகளும் பள்ளிக்கூடம் போகுமுன் பூப்பறித்தவள்தான். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். ஆசைப்பட்டா அனுப்பினேன்? ஆள் கூலிக்கு விலை கட்டவில்லை.

இப்போது ஏஜெண்ட் ஒரு தாள் கொண்டு வந்திருக்கிறார். குழந்தைகளை வேலைக்கு விடமாட்டேன், இன்னின்ன மருந்து அடிக்கமாட்டேன், கணக்கு எழுதி வைப்பேன் என்று நாம் கையெழுத்துப் போட வேண்டுமாம். நல்ல விஷயம்தான், போடுவோம். ஆனால் விலை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது! கடமையெல்லாம் நமக்கு, காலியிடம் மட்டும் அவருக்கா?

பிரான்சில் 2017ல் ஒரு சட்டம் வந்தது. தங்களுக்குச் சரக்கு தருபவர்களிடம் மனித உரிமை மீறல் நடக்காமல் தடுக்க, பெரிய கம்பெனிகள் திட்டம் போட்டு வெளியிட வேண்டும். இந்த மாதிரித் தாள்கள் நம் திண்ணைக்கு வர இப்படிப்பட்ட சட்டங்களும் ஒரு காரணம். அதாவது, அவர்களுக்கு நம் கையெழுத்து வேண்டும். அதுதான் நம் பலம்.

நமது கோரிக்கைகள்:

1. சீசனுக்கு முன்பே குறைந்தபட்ச விலையை எழுதித் தர வேண்டும். பறிகூலி, உரம், மருந்துச் செலவுக்குக் கீழே போகக்கூடாது.

2. எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். எடை போட்டவுடன் சீட்டு வேண்டும். ஈரம், கழிவு என்று வாய்க்கணக்கில் பிடித்தம் கூடாது.

3. பதினைந்து நாளில் பணம் வர வேண்டும்.

4. தணிக்கைச் செலவைக் கம்பெனியே ஏற்க வேண்டும்.

தோழர்களே, பூவை வைத்துக்கொண்டு நாம் காத்திருக்க முடியாது, பொழுது சாய்ந்தால் விரிந்துவிடும். ஆனால் தாள் வாடாது. அதை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். விலை எழுதி வரும்வரை யாரும் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் எல்லோரும் ஒரே நாளில், சங்கத்தில் வைத்துப் போடுவோம்.

ஒன்றுபடுவோம்! உரிய விலை பெறுவோம்!