குழந்தைகளும் ஆங்கில ஸ்பெல்லிங்கும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஞ்சினியர் பேசுகிறார் என்றதும் மோட்டார், பம்ப் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஸ்பெல்லிங் பற்றி. நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சனிக்கிழமைதோறும் பக்கத்துக் கிராமப் பள்ளிக்குப் போய் ஆங்கிலம் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டேன். மிகவும் சந்தோஷம். அந்தத் தம்பி தங்கைகளை மனதில் வைத்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். டிக்டேஷன் நோட்டில் 'கார்' என்பதற்கு 'கே-ஏ-ஏ-ஆர்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பத்துத் தடவை எழுதிவர இம்போசிஷன். ஒழுங்காக எழுதிக் கொண்டு போனாள். அடுத்த வாரம் 'ஸ்டார்' வந்தது. 'எஸ்-டி-ஏ-ஏ-ஆர்' என்று எழுதிவிட்டு வந்தாள்! பத்துத் தடவை எழுதியதில் ஒரு வார்த்தை மனப்பாடம் ஆனதே தவிர, விஷயம் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பிழையைக் கொஞ்சம் பாருங்கள். 'க' சத்தத்துக்குக் 'கே' சரி. 'கா' நெடில் ஆயிற்றே, ஒரு 'ஏ' போதுமா? இன்னொன்று போட்டாள். குறில், நெடில் படித்த பிள்ளை போட்ட கணக்கு அது. இதை எப்படி முட்டாள்தனம் என்று சொல்ல முடியும்?

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பிள்ளைகளும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். சார்லஸ் ரீட் என்ற அமெரிக்க மொழியியலாளர், பள்ளிக்குப் போகும் முன்பே தாங்களாக எழுதத் தொடங்கிய குழந்தைகளை ஆராய்ந்து 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் குழந்தைகள் 'ட்ரக்' போன்ற சொற்களை 'சி-எச்-ஆர்' என்று தொடங்கினார்கள். அமெரிக்கர் ஒருவர் வேகமாக 'ட்ரக்' என்று சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள், 'ச்ரக்' என்றுதான் விழும். 'பம்ப்பி' என்ற சொல்லில் 'எம்' எழுத்தை விட்டுவிட்டார்கள். அங்கே 'ம்' முன்னால் உள்ள உயிரோசையோடு கலந்து மூக்கில் போய்விடுகிறது. பெரியவர்களான நாம் ஸ்பெல்லிங்கைப் பார்த்துப் பழகியதால் அந்தச் சத்தத்தையே கேட்பதில்லை. குழந்தை கேட்டதை எழுதுகிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே? ஆங்கில எழுத்து முறையில்தான் பாதிச் சிக்கல். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை ஒப்பிட்டது. ஃபின்னிஷ், இத்தாலியன், ஸ்பானிஷ் பிள்ளைகள் ஆண்டு முடிவில் எளிய சொற்களைக் கிட்டத்தட்ட முழுவதும் சரியாக வாசித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் வாசித்தது மூன்றில் ஒரு பங்குதான். வாசிப்புக்கே இந்தக் கதி என்றால், எழுதுவதைக் கேட்கவா வேண்டும்?

இதற்குக் காரணம் சரித்திரம். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்தார். ஸ்பெல்லிங் மெதுவாக நிலைபெறத் தொடங்கியது. மக்களின் உச்சரிப்போ மாறிக்கொண்டே போனது. 'நைஃப்' என்ற சொல்லின் முதலில் உள்ள 'கே' ஒரு காலத்தில் வாயால் சொல்லப்பட்ட எழுத்துதான். கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல்லுக்குள் இருக்கும் 'பி' பண்டிதர்களின் கைவேலை. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பின்னால் நுழைத்தார்கள். அவர்கள் செய்ததற்கு நம் பிள்ளைகள் இம்போசிஷன் எழுதுகிறார்கள்.

ஆனால் எல்லாமே குழப்பம் என்றும் நினைக்க வேண்டாம். 1966-இல் அமெரிக்காவில் ஹன்னா குழுவினர் சுமார் 17,000 சொற்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, ஒலி-எழுத்து விதிகளை மட்டும் வைத்து ஸ்பெல்லிங் எழுத வைத்தார்கள். ஏறக்குறைய பாதிச் சொற்கள் சரியாக வந்தன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஒரு தவறு. விதியே இல்லாவிட்டால் இது நடக்குமா?

மீதியைப் பிடிக்கப் பொருள் உதவும். 'சைன்' என்பதில் 'ஜி' எதற்கு? 'சிக்னேச்சர்' என்று சொல்லிப் பாருங்கள், 'ஜி' பேசும். 'ஹீல்', 'ஹெல்த்' இரண்டுக்கும் சத்தம் வேறு, குடும்பம் ஒன்று. அதனால்தான் இரண்டிலும் 'ஈ-ஏ'. இறந்தகாலம் காட்டும் 'ஈ-டி' விஷயத்தை இங்கிலாந்தில் நூனெஸ், பிரையன்ட் முதலானோர் ஆராய்ந்து 1997-இல் எழுதினார்கள். பிள்ளைகள் முதலில் காதில் விழுந்தபடி, 'ஈ' இல்லாமல் எழுதுகிறார்கள். 'ஈ-டி' தெரிந்ததும் கண்ட இடத்திலெல்லாம் போடுகிறார்கள். 'ஸாஃப்ட்' என்பதற்குக்கூட 'எஸ்-ஓ-எஃப்-ஈ-டி'! எந்த டீச்சரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. பிள்ளை விதியைப் பிடித்துவிட்டது, அதன் எல்லை இன்னும் பிடிபடவில்லை. அப்புறம்தான் வினைச்சொல்லுக்கு மட்டும் என்று ஒதுக்கிக்கொள்கிறது. பார்வைக்குப் பின்னடைவு போலத் தெரியும் அந்தப் பிழை உண்மையில் முன்னேற்றம்.

ஆகவே தம்பி தங்கைகளே, சனிக்கிழமை போகும்போது நாலு காரியம் செய்யுங்கள். முதலாவது, எழுத்துப் பெயரை ராகம் போட்டு ஒப்பிக்க வைக்கும் முன், சொல்லில் எத்தனை சத்தம் என்று விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். 'ஷிப்' என்பதில் எழுத்து நாலு, சத்தம் மூன்று. இரண்டாவது, சொற்களைக் குடும்பமாகக் கொடுங்கள். 'கார், ஸ்டார், ஃபார்' மூன்றையும் ஒன்றாக எழுதிப் போட்டு, 'ஏ-ஆர்' சேர்ந்தாலே நெடில்தான் என்று காட்டினேன். என் மகளுக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்றாவது, பிழையைப் பார்த்ததும் 'ஏன் இப்படி எழுதினே கண்ணு?' என்று கேளுங்கள். 'பிலிம்' என்று பேசும் ஊரில் பிள்ளை 'எல்'லுக்கும் 'எம்'முக்கும் நடுவில் ஒரு 'ஐ' போடத்தான் செய்யும். நாலாவது, பிழையை அப்படியே விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் சரியான ஸ்பெல்லிங்கை எழுதிக் காட்டுங்கள்.

எஞ்சினியர்களுக்கு இது புதிதல்ல. மெஷின் தவறாக ஓடினால் ரீடிங்கைப் பார்க்கிறோம். ரீடிங்கைப் பார்க்காமல் மெஷினை அடிக்கிறவனை மெக்கானிக் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளையின் பிழைதான் நமக்குக் கிடைக்கும் ரீடிங்.

பார்த்துச் சிரித்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அடுத்த முறை அந்தப் பிள்ளை தப்பு வராத நாலு வார்த்தையை மட்டும் எழுதும். பிறகு எழுதவே எழுதாது. தமிழ்வழியில் படித்து வந்த என் வகுப்பு நண்பர்கள் சிலர் சர்க்யூட் போடுவதில் கில்லாடிகள். ஆனால் செமினார் என்றால் கடைசி பெஞ்ச். போர்டில் ஒரு வார்த்தை தப்பாகிவிடுமோ என்ற பயம்தான். அந்தப் பயம் முதலாண்டில் பிறந்ததல்ல, இரண்டாம் வகுப்பில் பிறந்தது. அதைப் பிறக்க விடாமல் தடுக்கும் வேலை சனிக்கிழமைதோறும் உங்கள் கையில் இருக்கிறது. நன்றாகச் செய்யுங்கள்.