வினாவின் செம்மை



பிரச்சின உபநிடதத்திலே ஆறு மாணாக்கர் ஐயம் தீர்க்கப் பிப்பலாத முனிவரை அடைகின்றனர். முனிவர் உடனே விடை பகரவில்லை. ஓராண்டு தவமும் சிரத்தையும் உடையராய் உடன் வசித்து, அதன்பின் கேட்குமாறு பணித்தார். விடைக்கு மட்டுமன்று, வினாவுக்கும் பக்குவம் வேண்டும் என்பதே இதனால் நாம் அறிவது.

இக்காலத்தில் ஒரு பொருளையோ கைபேசிச் செயலியையோ ஆக்குவோர், அதனைப் பாவிக்கப் போகும் மக்களை வினவி அறிகின்றனர். இது பாவனையாளர் ஆய்வு எனப்படும். இங்கும் வினா பிழைத்தால் யாவும் பிழைக்கும்.

அமெரிக்காவிலே கொக்கா-கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றக் கருதி, ஏறக்குறைய 2,00,000 பேரிடம் சுவைச் சோதனை நடத்தியது. பெரும்பாலோர் புதியதே நன்று என்றனர். 1985 ஏப்ரல் 23ஆந் திகதி புதிய பானம் அறிமுகமாயிற்று. மக்களோ கொதித்தெழுந்தனர். 79 நாட்களில், யூலை 11ஆந் திகதி, பழைய பானம் மீண்டும் வருமென நிறுவனம் அறிவித்தது. மக்கள் பொய்யா உரைத்தனர்? இல்லை. எது சுவை என்று கேட்டதற்கு உண்மையே உரைத்தனர். பழகிய ஒன்றை இழக்கும் மனத்துயரை ஒரு மிடறு பானம் எங்ஙனம் அளக்கும்?

வினாவின் ஒரு சொல்லும் விடையை மாற்றவல்லது. உளவியலறிஞர்களான எலிசபெத் லொவ்டஸ், ஜோன் பாமர் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்விலே, மோட்டார் வண்டி விபத்துப் படங்களைக் காட்டி வேகத்தை வினவினர். வண்டிகள் “நொறுங்க மோதியபோது” என்று கேட்கப்பட்டோர் சராசரி மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றனர். “தொட்டபோது” என்று கேட்கப்பட்டோர் 31.8 மைல் என்றனர். படங்கள் அவையே, சொல் ஒன்றே வேறு.

இளைஞர்களே, வைத்தியரைக் காண இலக்கம் எடுப்பதற்கு நீங்கள் ஒரு செயலி செய்கிறீர்கள் என்று கொள்வோம். ஒரு மூதாட்டியிடம், “அம்மா, இது இலகுவாய் இருக்கிறதல்லவா?” என்று கேட்டால், “ஓம் தம்பி, நல்லாயிருக்கு” என்பார். அது விடையன்று, உபசாரம். “கடைசியாக வைத்தியரிடம் போனபோது எப்படி இலக்கம் எடுத்தீர்கள், அம்மா?” என்று கேளுங்கள். பேரன் வரும்வரை இரண்டு நாள் காத்திருந்த கதை வெளிவரும். பின்னர் கைபேசியை அவர் கையிற் கொடுத்து, வாய் பேசாது பார்த்திருங்கள். விரல் தயங்கும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

உபசார வார்த்தையை நம்பி நாம் மகிழ்ந்திருந்தால், நோயோடு வீட்டில் இருப்பவர் அவரே. ஆதலால், புகழை வேண்டிக் கேளாது, உண்மையை வேண்டிக் கேட்கப் பழகுவோமாக.