ஒரே நம்பிக்கை, பல குடிகள்: நாகாலாந்தில் திருச்சபையும் அமைதிப் பணியும்



சமயம் ஒன்றானால் பகை ஓயும் என்று பலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணத்தை ஆராய்ந்து பார்க்க நாகாலாந்து நமக்குத் தக்க களமாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அம்மாநிலத்தாருள் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் கிறித்தவர். ஆயினும் அம்மண் பல பத்தாண்டுகள் ஆயுதப் போரைக் கண்டது. முதலில் அது இந்திய அரசுடன் நிகழ்ந்தது. பின்னர் நாகர் இயக்கங்கள் தமக்குள்ளேயே மோதிக்கொண்டன.

இதன் காரணத்தை அறியத் திருச்சபை வேரூன்றிய முறையைக் காண வேண்டும். 1870களில் ஆவோ நாகரிடம் கிறித்தவச் செய்தியைக் கொண்டு சென்றவர்களுள் அஸ்ஸாமியரான கோதுலாவும் அமெரிக்கரான எட்வர்ட் கிளார்க்கும் முன்னோடிகள். கிளார்க் ஆவோ மொழியை ரோமன் எழுத்தில் வடித்தார். அவருடைய ஆவோ அகராதி 1911இல் வெளிவந்தது. காலப்போக்கில் அங்காமி, லோத்தா முதலிய பிற குடியினரும் தத்தம் மொழியில் மறைநூல் பெற்றனர். தத்தமக்கெனத் திருச்சபைச் சங்கமும் அமைத்தனர். இளைஞர் கூடிக் கற்ற 'மொருங்' இல்லம் நலிந்தது; எனினும் குடியின் மொழி எழுத்தில் நிலைபெற்றது. ஆகவே, நாகர் அனைவரையும் இணைத்த அதே திருச்சபை, ஒவ்வொரு குடியின் தனித்தன்மையையும் உறுதிப்படுத்தியது. அதன் வலிமையும் வரம்பும் இங்கேதான் உள்ளன.

வலிமையை 1964இல் காண்கிறோம். நாகாலாந்து பாப்டிஸ்ட் திருச்சபை மன்றத்தின் முயற்சியால் ஜெயப்பிரகாஷ் நாராயண், அஸ்ஸாம் முதலமைச்சர் பிமலா பிரசாத் சாலிஹா, ஆங்கிலிக்கக் குரு மைக்கேல் ஸ்காட் ஆகியோர் அடங்கிய அமைதிக் குழு உருவாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. ஊர்தோறும் வேர்கொண்டிருந்த திருச்சபைக்கு, காட்டிலிருந்த போராளியும் வீட்டிலிருந்த தாயும் ஒருங்கே செவிசாய்த்தனர்.

வரம்பும் விரைவில் தெரிந்தது. அரசியல் தீர்வு காணாமலே குழு 1966இல் முடிவுற்றது. 1975ஆம் ஆண்டின் ஷில்லாங் உடன்படிக்கை நாகரிடையே பெரும் பிளவை விளைவித்தது. அதனை எதிர்த்தோர் 1980இல் தொடங்கிய இயக்கமும் 1988இல் இரண்டாயிற்று. உடன்பிறந்தார் போன்றோர் ஒருவரையொருவர் கொன்றனர்.

2008இல் தோன்றிய நாகர் நல்லிணக்க மன்றம் இப்புண்ணையே முதலில் ஆற்ற முனைந்தது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் எதிரெதிர்த் தரப்பினர் ஒரே அறையில் அமர்ந்தனர்; இறைவேண்டலும் உரையாடலும் உடன் நடந்தன. 2009 ஜூனில் மூன்று தரப்புத் தலைவர்கள் நல்லிணக்க உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதனால் பிளவுகள் முற்றும் நீங்கிவிடவில்லை. ஆனால் பகைவர் பேசுவதற்கு ஓர் அவை கிடைத்தது.

ஆசிரியப் பெருமக்களே, வகுப்பறையில் அடையாளத்தைப் பற்றிப் பேசும்போது, பெருமையோடு நிறுத்திவிடாமல் இந்த அவையைப் பற்றியும் பேசுவோம். தாய்மொழியில் வழிபடும் உரிமை ஒரு குடிக்கு மானம் தருகிறது. அந்த மானம் அயற்குடியின் துயரையும் கேட்கப் பழகும்போதே அமைதிக்கு இடம் உண்டாகிறது. இப்பழக்கத்தைத் திருச்சபையாலும் கட்டளையிட்டுப் பெற இயலாது. பொறுமையோடு கற்பிக்கவே இயலும்.