நோட்டீஸில் ஆள் எங்கே?

(ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர் கல்வி வகுப்பில் பேசியதன் வாசகம்)



அணி, அலங்காரம் என்றதும் அது புலவர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆலை வாசலில் ஒட்டும் நோட்டீஸில் இல்லாத அலங்காரமா?

பவணந்தி முனிவர் செய்த நன்னூல் என்ற இலக்கணத்தில் 'மங்கலம்' என்று ஒரு வழக்கு உண்டு. செத்தார் என்று சொல்ல மனமில்லாமல் 'இறைவனடி சேர்ந்தார்' என்கிறோமே, அதுதான். துக்க வீட்டில் அப்படிச் சொல்வது பண்பு. அதையே ஆலையில் சொன்னால்?

இங்கே 2006-ல் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அதற்குச் சில மாதம் முன்பே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் 'விருப்ப ஓய்வு' பெற்றார்கள். பெரும்பாலோர் இளவயதினர், பெண்கள் ஏராளம். இருபத்தைந்து வயதில் என்ன ஓய்வு? ஆலை நிற்கப் போகிறது என்று தெரிந்தபின் போடும் கையெழுத்தில் என்ன விருப்பம்? வரி வழக்கு, மைக்ரோசாப்டுக்குக் கைமாறிய வியாபாரம் என்று காரணங்கள் பல. அவை தனி வகுப்புக்கு உரியவை. இங்கே பார்க்க வேண்டியது அந்த இரண்டு சொற்களை. அனுப்பியவன் மறைந்து போனான். போனவனே போக ஆசைப்பட்டதாக ஆகிவிட்டது.

கிராமத்தில் இதே வித்தைக்கு வேறு வேஷம். "நிலம் கையகப்படுத்தப்பட்டது" என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த செயப்பாட்டு வினைதான். எடுத்தவர் யார்? வாக்கியத்தில் இல்லை. பட்டாதாரராவது நஷ்டஈடு என்ற சொல்லோடு உள்ளே வருகிறார். அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த கூலிக்காரர் எந்தச் சொல்லோடு வருவார்? 1894-ம் வருஷத்துச் சட்டம் 'பொது நோக்கம்' என்று பேசியது; நஷ்டஈடு பெறுவோரில் அவருக்கு இடமில்லை. 2013-ம் வருஷச் சட்டத்தில்தான் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற சொல்லுக்குள் நிலமற்ற விவசாயத் தொழிலாளியும் சேர்க்கப்பட்டார். ஒரு சொல்லுக்குள் நுழைய நூற்றுப்பத்தொன்பது வருஷம்!

'அப்ரண்டிஸ்' என்பதும் வெறும் சொல் அல்ல. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. திருகாணியை முடுக்கும் கை அதே கைதான்.

சரி, எண்ணுக்கு வருவோம். சொல்லைச் சந்தேகிப்பவர்களும் எண்ணைக் கண்டால் வாயடைத்துப் போகிறார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்தை அங்கீகரி என்பது முதன்மையான கோரிக்கை. சம்பளமும் வேலை நேரமும் உடன் இருந்தன. வட்டாரத்தில் இதே மாதிரித் தொழிலாளர்கள் வாங்கும் சராசரியைப்போல் 1.8 மடங்கு சம்பளம் கொடுக்கிறோம் என்றது நிர்வாகம். கணக்கு பொய் என்று நாம் சொல்லவில்லை. யார் யாரைச் சேர்த்து எடுத்த சராசரி என்று கேட்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: முதலில் கேட்டது சங்கம், பதிலில் வந்தது சம்பளம். 1.8 என்பது 18 ஆனாலும் சங்கம் பற்றிய கேள்வி அப்படியேதான் நிற்கும். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று.

அதற்காக, அலங்காரமே கூடாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1848-ல் வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கையே ஒரு பூதத்தை உருவகமாக்கித்தான் தொடங்குகிறது. ஆனால் பூதத்தோடு நின்றுவிடவில்லை. யார் உழைக்கிறார், யார் கையில் சேருகிறது என்று வர்க்கத்தின் பெயர் சொல்லிப் பேசுகிறது. நம் மேடைகளிலோ சில தோழர்கள் 'மாபெரும்', 'வரலாறு காணாத' என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஐம்பது பேர் வந்த கூட்டத்தை மக்கள் வெள்ளம் என்றால், முதலில் சிரிப்பது அந்த ஐம்பது பேர்தான்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் ஆலையின் அறிவிப்புப் பலகையிலோ பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலோ ஒட்டியிருக்கும் ஒரு நோட்டீஸை எழுதிக்கொண்டு வாருங்கள். '-ப்பட்டது' என்று முடிகிற இடங்களில் கோடு போட்டு, செய்தவர் பெயரை மேலே எழுதுங்கள். பெயர் தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். காலி இடங்களைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம்.