ஆயிரம் மணி நேரப் போஸ்டிங்

ஆக்குபேஷனல் தெரபி எனும் செயல்முறை மருத்துவத்தில் பட்டம் பெறுவதற்கு எழுத்துத் தேர்வில் தேறுவது பாதி வேலைதான். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு வகுத்த குறைந்தபட்சக் கல்வித் தரத்தின்படி, ஒரு மாணவர் குறைந்தது 1000 மணி நேரம் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளோடு பணியாற்றியிருக்க வேண்டும். இன்று இந்த அரங்கில் அங்கி அணிந்து அமர்ந்திருப்பவர்கள் அந்தக் கணக்கை நரம்பியல் வார்டிலும் கை அறுவை சிகிச்சைப் பிரிவிலும் சிறப்புப் பள்ளியிலும் மனநல நிலையத்திலும் சிறிது சிறிதாக முடித்தவர்கள். மாணவர் வழக்கில் இதற்குப் பெயர் போஸ்டிங்.

அந்தக் கூட்டமைப்பு 1952இல் உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. விடுதலை பெற்று ஐந்து ஆண்டே ஆன நாட்டுக்கு அந்த இடம் கிடைத்ததில் கமலா நிம்ப்கருக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கு வாழ வந்த அவர், 1950இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளி மருத்துவமனைக்கு உள்ளேயே பிறந்ததால், வகுப்பும் வார்டும் இந்தத் துறையில் தொடக்கம் முதலே அடுத்தடுத்த அறைகளாக இருந்தன.

போஸ்டிங்கின் முதல் நாட்கள் பெரும்பாலும் நின்றபடியே கழியும். கேஸ் ஷீட்டைப் படிப்பது, சீனியர் தெரபிஸ்ட் நோயாளியைத் தொடும் விதத்தைப் பார்ப்பது, கோனியோமீட்டரை மூட்டில் வைத்து எத்தனை பாகை மடங்குகிறது என்று குறிப்பது, லாக் புக்கில் கையெழுத்து வாங்குவது. அளப்பது மாணவருக்குப் பிடிக்கும், ஏனென்றால் எண் கிடைத்தவுடன் வேலை முடிந்ததுபோல் ஒரு நிம்மதி வரும். ஓர் அம்மாளின் முழங்கை 110 பாகை மடங்குகிறது என்று எழுதிய பிறகு மேற்பார்வையாளரிடமிருந்து வரும் கேள்வி வேறு விதமானது: அந்த 110 பாகையை வைத்துக்கொண்டு அந்த அம்மாளால் தலை வார முடியுமா? போஸ்டிங் கற்றுத்தரும் மற்றதெல்லாம் இந்தக் கேள்வியின் விரிவுதான். நோயின் பெயர் கேஸ் ஷீட்டில் கிடைக்கும். நோயாளியின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பது கேட்டால்தான் கிடைக்கும்.

பக்கவாத வார்டில் இது நன்றாகத் தெரியும். உடுத்தும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது எல்லாப் பாடநூலிலும் உள்ள விதி. அந்த நூல்களில் சட்டையும் கால்சட்டையும் படமாக இருக்கும். எதிரே இருப்பவரோ ஐம்பது வருடமாகப் புடவை கட்டியவர். கொசுவம் மடிக்க இரண்டு கை வேண்டும். வீட்டுக்கு நைட்டி போதும் என்று சிலர் உடனே ஒப்புக்கொள்வார்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் புடவைதான் என்பவர்களுக்குக் கொசுவத்தை முன்கூட்டியே தைத்துக் கொக்கி வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆண்களுக்கு, புது மாப்பிள்ளைகளை நினைத்து ஜவுளிக்கடைகள் விற்கும் ஒட்டு வேட்டி உதவுகிறது. அதைச் செய்தவர்கள் பக்கவாதத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

சாப்பாடு இன்னும் சிக்கலானது. வலது பக்கம் செயலிழந்தவர் இடது கையால் உண்ணலாம் என்பது உடலியல் தீர்வு. உறவினர் முன்னால் இடது கையால் சோறு பிசைவதைவிடப் பட்டினி கிடப்பேன் என்று நினைக்கும் பெரியவர்கள் உண்டு. இடது கையில் கரண்டி கொடுத்தால் சிலருக்கு அந்தக் கூச்சம் போய்விடுகிறது. வலது கையில் லேசாக அசைவு திரும்பியவருக்கு எதிலிருந்து தொடங்குவது என்பதும் சமையலறை தெரிந்தவர் மட்டுமே சொல்லக்கூடியது. இட்லி எளிது, அழுத்தினால் உடையும். தோசையை ஒரே கையால் பிய்க்க, சில விரல்கள் அழுத்திப் பிடிக்கும்போது மற்றவை இழுக்க வேண்டும். ரசம் சாதம் விரலிடுக்கில் வழியும், ஆகவே கடைசியில்தான் வர வேண்டும். மூளையின் வலப்பக்கப் பாதிப்பால் இடப்புறத்தையே கவனிக்காதவர்களும் உண்டு. கோட்டை நடுவில் குறிக்கச் சொல்லும் தாள் சோதனை அதைக் காட்டும். வாழை இலையும் காட்டும்: இலையின் இடப்புறம் வைத்த உப்பும் ஊறுகாயும் தொடப்படாமல் இருக்க, உப்பே இல்லை என்று அவர் குறைப்படுவார்.

அளவுகோல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்தவை. பார்த்தெல் குறியீடு 1965இல் அமெரிக்காவில் வெளியானது. உண்பது, குளிப்பது, கழிவறை, படியேறுவது எனப் பத்து அன்றாடச் செயல்களை அது மதிப்பிடுகிறது. முழு மதிப்பெண் 100. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடியாத ஒருவர், குந்தி அமரும் கழிவறையைப் பயன்படுத்த முடியாத ஒருவர், வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிக்க முடியாத ஒருவர் அதில் 100 வாங்கிவிட முடியும், ஏனென்றால் இந்தச் செயல்கள் இந்த வடிவில் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவமனையில் நாற்காலியும் மேற்கத்தியக் கழிவறையும் இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. அளவுகோலைக் குறை சொல்வதில் பயனில்லை. மதிப்பெண்ணுக்குக் கீழே இன்னும் மூன்று வரி சேர்த்து எழுதும் மாணவர்தான் தேவை.

கை மறுவாழ்வுக்குத் தமிழ்நாட்டில் தனி வரலாறே உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அப்படி இடம் மாற்றிய தசைக்கு அதன் புது வேலையைக் கற்றுக்கொடுப்பது தெரபி மேசையில் நடக்கும் காரியம். மணிக்கட்டைத் தூக்கப் பழகிய தசை விரலை நீட்டப் பழக வேண்டும். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி இத்தகைய அறுவை சிகிச்சைகளைச் செய்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியில் உருவானது.

கையைத் தாங்கும் ஸ்ப்லின்ட் செய்யக் கற்பதும் இந்தப் பிரிவில்தான். தெர்மோபிளாஸ்டிக் தகட்டைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் இட்டால் தளரும். ஈரம் துடைத்துக் கையில் படியவைத்தபின் ஆறி இறுகச் சில நிமிடங்களே இருக்கும். உள்ளங்கை ரேகையைத் தாண்டி தகடு நீண்டால் விரல்கள் அடியில் மடங்காது. சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு எலும்பில் அழுத்தினால் தோல் சிவக்கும். அதனால் மாட்டி அரை மணி கழித்துக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். கையின் இறுக்கத்தைப் பொறுத்தவரை, தண்டுவடக் காயத்தில் ஒரு முரண் உண்டு. ஆறாம் கழுத்து நரம்பு மட்டத்தில் அடிபட்டவரின் விரல்கள் அசையாது, ஆனால் மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தாமாகவே மடங்கி ஒரு பிடி கிடைக்கும். இறுக்கத்தைக் கண்டவுடன் நீட்டிவிட வேண்டும் என்று பழகிய மாணவர் இங்கே மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நிமிர்த்தி இழுத்தால், அந்தப் பிடியே போய்விடும். எதைச் செய்யாமல் விடுவது என்பதும் இந்தத் துறையில் ஒரு திறமை.

குழந்தைகள் பிரிவில் பாடம் சொல்வது பெரும்பாலும் தாய்மார்கள். எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், எந்தத் துணியை உடம்பில் படவிட மாட்டான் என்பதை ஜீன் ஏயர்ஸ் வகுத்த புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டைப் படிக்காமலே அவர்கள் சொல்வார்கள். மாணவரின் வேலை அதை வரிசைப்படுத்தி விளையாட்டாக மாற்றுவது.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது மனநலப் போஸ்டிங்கில். கோனியோமீட்டருக்கு அங்கே வேலையில்லை. மெழுகுவத்தி வார்ப்பதும் காகிதப் பை ஒட்டுவதும் பொழுதுபோக்காகத் தெரியும், ‘இதற்கா நாலு வருடம் படித்தோம்’ என்ற முணுமுணுப்பும் கேட்கும். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு பையும் ஒரு மதிப்பீடு. இருபது நிமிடம் கவனம் நின்றதா? படிகளின் வரிசை மாறாமல் செய்தாரா? பக்கத்தில் இருப்பவரிடம் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாரா, கேட்காமல் உட்கார்ந்தே இருந்தாரா? மனச்சிதைவில் மருந்து குரல்களை அடக்கிய பிறகும் எதிலும் முனைப்பின்மை எஞ்சி நிற்பதுண்டு. வீட்டார் அதைச் சோம்பல் என்பார்கள். 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆய்வுக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன் மருந்தோடு மறுவாழ்வையும் வேலையையும் வற்புறுத்தியது இதனால்தான். நோயாளி அந்தக் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கிய நாளைக் குறிப்பேட்டில் எழுதத் தெரிந்தவர் இந்தப் போஸ்டிங்கில் தேறியவர்.

எல்லாப் போஸ்டிங்கும் ஒரே தரத்தில் அமைவதில்லை. கூட்டம் மிகுந்த ஓ.பி.யில் ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம், அங்கே மாணவர் கூடுதல் கையாகவே பயன்படுகிறார். சில இடங்களில் மாதம் முழுதும் ஒரே வகை நோயாளிகள். வீட்டு விஜயம்தான் முதலில் கைவிடப்படுகிறது, வண்டியும் நேரமும் கிடைப்பதில்லை. இழப்பு பெரியது. வார்டில் பழக்கிய சக்கர நாற்காலி வீட்டுக் கழிவறைக் கதவில் நுழையாது. கைப்பிடி பொருத்தச் சொன்ன சுவர் ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கும், அல்லது வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். ஒருமுறை அந்த வாசலில் நின்றவர் அடுத்த நோயாளிக்குத் திட்டம் எழுதுவதற்குமுன் வாடகை வீடா, எத்தனை படி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்குவார்.

போஸ்டிங் முடியும் தேதியும் நோயாளி குணமாகும் தேதியும் ஒன்றாக வருவதில்லை. பாதி வழியில் அடுத்த பிரிவுக்கு மாற வேண்டியிருக்கும். எனவே ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவதும் பயிற்சியின் பகுதியே. ‘முன்னேற்றம் உள்ளது’ என்ற வரியால் அடுத்து வருபவருக்குப் பயனில்லை. ‘சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைத் தானே போடுகிறார், மூன்றாவதில் களைத்துவிடுகிறார், மகன் உடனிருந்தால் முயல்வதில்லை’ என்ற குறிப்பு இருந்தால் அடுத்து வருபவர் அன்றே வேலையைத் தொடரலாம்.

2021இல் நிறைவேறிய தேசியத் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், இந்தத் தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்து, மாநிலக் கவுன்சில்களில் பதிவு செய்வதற்கு வழிவகுத்தது. இன்று பட்டம் பெறுவோர் இனி லாக் புக்கில் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு அவர்களில் பலர் வருவார்கள். அப்போது தங்களிடம் வரும் மாணவருக்கு ஓ.பி. நெரிசலுக்கு நடுவிலும் ஒரு வீட்டு விஜயத்துக்கு நேரம் ஒதுக்குவதும், கோனியோமீட்டர் எண்ணை அடுத்து அந்தத் தலை வாரும் கேள்வியைக் கேட்பதும் அவர்கள் பொறுப்பு.